முகாமும் விடுதியும்: சீருடையாளர் எச்ஐவி தடுப்பு குறித்துத் தேக்காவிலிருந்து ஒரு விசாரணை

கேள்வி எழும் இடம்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மேல் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை நடைபாதையில் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. கிராஞ்சி, ஜூரோங், பொங்கோல் பக்கத்து விடுதிகளிலிருந்து வந்த தமிழ்நாட்டு, வங்காளதேச ஊழியர்கள் தேக்காச் சந்தையைச் சுற்றிக் கூடியிருப்பார்கள். ஊருக்குப் பணம் அனுப்புவது, முடி வெட்டிக்கொள்வது, ஒரே ஊர்க்காரர்களைத் தேடிப் பிடித்துப் புல்தரையில் உட்கார்வது என்று அந்த அரைநாள் கழியும். வாரத்தில் ஆறு நாள் முதுகில் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட உடையில் இருந்தவர்கள், அன்று சொந்தச் சட்டையில் இருக்கிறார்கள். அவர்களுக்கிடையே காவல்துறையினரும் துணைக் காவல் படையினரும் சீருடையில் சுற்றி வருகிறார்கள். 2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் சாலையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு அந்தக் கண்காணிப்பு அதிகமானது.

சந்தையிலிருந்து ஜாலான் புசார் பக்கம் கால்மணி நேரம் நடந்தால் கிளந்தான் லேன் வரும். பாலியல் வழித் தொற்றுகளுக்கான அரசின் டிஎஸ்சி மருந்தகம் அங்கேதான் இருக்கிறது. போகும் வழியில் டெஸ்கர் சாலை. பாலியல் தொழிலுக்காகப் பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட பின்சந்துகள் அங்கே உள்ளன. ஆக, சீருடை அணிந்தவர்கள், அதைக் கழற்றிவைத்துவிட்டு வந்தவர்கள், பாலியல் தொழிலாளர்கள், அவர்களுக்கான மருந்தகம் எல்லாம் ஒரு நடைத்தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன.

உலக அளவில் எச்ஐவி தடுப்புப் பணியில் 'சீருடையாளர்கள்' என்பது தனி வகை. படைவீரர்கள், காவலர்கள், எல்லைக் காவல் படையினர், அமைதிப் படையினர் ஆகியோர் அதில் அடங்குவர். அவர்களைத் தனியே கவனிக்க வேண்டும் என்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள் தெரிந்தவைதான். இளம் ஆண்கள், வீட்டைவிட்டு நெடுந்தொலைவு, ஆண்கள் மட்டுமே உறங்கும் கூடம், கையில் மாதச் சம்பளம், விடுப்பு நாளில் மட்டும் கிடைக்கும் சுதந்திரம், கூட்டாளிகளின் தூண்டுதல். இந்தப் பட்டியலை எழுதியவர்கள் கிராஞ்சி விடுதி ஒன்றை மனத்தில் வைத்து எழுதவில்லை. ஆனால் ஒரு வரியைக்கூட மாற்றாமல் அதை அங்கே ஒட்டிவிடலாம்.

அப்படியிருக்க, சீருடையாளருக்கான தடுப்புத் திட்டம் என்று நாம் சொல்வது யாரைக் காக்க உருவானது? அணிந்தவனையா, அணிவித்த அமைப்பையா? இதே நகரத்தில் முகாமில் உறங்குபவனுக்கும் விடுதியில் உறங்குபவனுக்கும் ஏன் இருவேறு எச்ஐவி கொள்கைகள்? கட்டுரையின் விசாரணை இவ்வளவே.

சிப்பாய்களின் காலம்

சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை இருக்கும் ஊட்ரம் மேட்டுக்கு 'சிப்பாய் லைன்ஸ்' என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் குடியிருந்த வரிசைவீடுகளால் வந்த பெயர் அது. காலனியின் படையும் காலனியின் மருத்துவமும் ஒரே இடத்துப் பெயரைப் பகிர்ந்துகொண்டது தற்செயலாக இருக்கலாம். பாலியல் நோய்த் தடுப்புச் சட்டங்களில் அவை இரண்டும் கைகோத்தது தற்செயலாக நடந்ததல்ல.

பிரிட்டனில் 1864, 1866, 1869 ஆகிய ஆண்டுகளில் தொற்றுநோய்ச் சட்டங்கள் நிறைவேறின. இராணுவத்தில் நோயுற்றோரில் மூன்றில் ஒருவர் பால்வினை நோயாளி என்ற கணக்குதான் அவற்றுக்கு உந்துதல். வரலாற்றாசிரியர்கள் அடிக்கடி சுட்டும் ஒரு விவரம் இங்கே முக்கியம். சிப்பாய்களைச் சோதிக்கும் வழக்கம் இராணுவத்தில் முன்பே இருந்தது. அது ஆண்களின் மானத்தைக் கெடுக்கிறது என்று 1859இல் கைவிட்டார்கள். ஐந்தாண்டுக்குப் பின் வந்த சட்டம் படைநகரங்களின் பெண்களைக் கட்டாயமாகச் சோதித்தது, நோய் கண்டவர்களைப் 'பூட்டு மருத்துவமனை' எனப்பட்ட பால்வினை நோய் மருத்துவமனைகளில் அடைத்தது. அதாவது காக்கப்பட வேண்டியவன் சிப்பாய், சோதிக்கப்பட வேண்டியவள் பெண் என்ற பிரிவினை அங்கேயே முடிவாகிவிட்டது.

இந்தியாவில் 1864இன் பாசறைச் சட்டமும் 1868இன் தொற்றுநோய்ச் சட்டமும் இந்த வழியில் வந்தவை. நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1870இல் ஓர் அவசரச் சட்டம் வந்தது. சிங்கப்பூரின் பாலியல் தொழில் விடுதிகள் பதிவு செய்யப்பட்டன, பெண்கள் குறித்த காலத்தில் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டார்கள். ஜோசஃபின் பட்லர் முதலானோரின் நீண்ட இயக்கத்தால் பிரிட்டனில் 1886இல் சட்டங்கள் நீக்கப்பட, அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் இங்கும் அவசரச் சட்டம் போயிற்று. ஜேம்ஸ் ஃபிரான்சிஸ் வாரன் 1993இல் வெளியிட்ட ஆய்வு, சிங்கப்பூரின் சீன, ஜப்பானியப் பாலியல் தொழிலாளர்களின் வாழ்க்கையை மரண விசாரணை ஆவணங்களிலிருந்து மீட்டெடுத்தது. ஃபிலிப்பா லெவினின் 2003ஆம் ஆண்டு நூல் இந்தியா, ஹாங்காங், நீரிணைக் குடியேற்றங்கள், குவீன்ஸ்லாந்து நான்கையும் ஒப்பிட்டு, இச்சட்டங்களில் இனமும் பேரரசின் கவலையும் எப்படிப் பின்னின என்று காட்டியது.

இரு நூல்களும் பெண்களைப் பற்றிப் பேசுகின்றன, பேச வேண்டியதும் அதுவே. அவற்றைப் படித்த பிறகு எனக்கு எஞ்சும் கேள்வி வேறு. பேரரசு காக்க நினைத்தது சிப்பாயின் உடல்நலத்தையா? சிப்பாயை நெடுங்கடல் தாண்டிக் கொண்டுவந்து பயிற்றுவித்த செலவு வீணாகக் கூடாது என்பதுதான் கணக்காகத் தெரிகிறது. மருத்துவமனைக் கட்டிலில் ஒரு சிப்பாய் கிடக்கும் ஒவ்வொரு நாளும் காவலில் ஓர் ஆள் குறைவு. இதே காலத்தில் துறைமுகத்தில் மூட்டை சுமந்த, சாலை போட்ட தமிழ்க் கூலிகளும் பெண்ணின்றிக் கொட்டடிகளில் உறங்கியவர்கள்தாம். அவர்களுக்காக யாரும் சட்டம் இயற்றவில்லை. ஒருவன் விழுந்தால் நாகப்பட்டினத்திலிருந்து இன்னொருவன் கப்பலேறி வருவான்.

ஒரு வகைப்பாடு பிறந்த விதம்

எச்ஐவி காலத்தில் 'சீருடையாளர்' என்ற இந்த வகை மீண்டும் உயிர்பெற்றது. 1998இல் ஐநாவின் எய்ட்ஸ் தடுப்பு அமைப்பான யுஎன்எய்ட்ஸ் வெளியிட்ட சிறு ஆவணம் ஒன்று, அமைதிக்காலத்தில் படையினரிடையே பாலியல் தொற்று விகிதம் ஒப்பான குடிமக்களைவிட 2 முதல் 5 மடங்கு வரை, போர்க்காலத்தில் 50 மடங்கு வரைகூட இருக்கும் என்றது. 2000 ஜனவரி 10 அன்று ஐநா பாதுகாப்பு அவை தன் வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு நோயைப் பற்றி விவாதித்தது. அதே ஆண்டு ஜூலை 17 அன்று 1308ஆம் தீர்மானம் நிறைவேறியது. எய்ட்ஸ் நாடுகளின் நிலைத்தன்மைக்கே ஆபத்தாகலாம் என்றும், அமைதிப் படையினருக்குத் தடுப்புக் கல்வியும் விருப்பப் பரிசோதனையும் ஆலோசனையும் வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. அப்போது கிழக்குத் தீமோரில் ஐநா இடைக்கால நிர்வாகம் நடந்துகொண்டிருந்தது. சிங்கப்பூர்ப் படையினரும் அங்கே பணியாற்றினார்கள்.

'2 முதல் 5 மடங்கு' என்பது அதன்பின் எண்ணற்ற அறிக்கைகளில் மந்திரம்போல் திரும்பத் திரும்ப வந்தது. அது பாலியல் தொற்றுகள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்ன எண். பலர் அதை எச்ஐவிக்கு உரியதாகவே எழுதிவிட்டார்கள். ஆலன் வைட்சைட், அலெக்ஸ் டி வால், ட்சாட்கான் கெப்ரெடென்சே மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை இந்த மந்திரத்தை நிதானமாகப் பிரித்துப் பார்த்தது. ஆப்பிரிக்கப் படைகளின் தரவுகளை வைத்து அவர்கள் சொன்னது இது: படைவீரர்களின் தொற்று விகிதம் எப்போதும் மக்களைவிட அதிகம் என்பதற்குச் சான்று பலவீனமானது. படையில் சேரும் பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்களிடம் தொற்று குறைவாகவே இருக்கும். பின்னர் அது ஏறுவதும் ஏறாததும் வயது, பணியிடம், தலைமையின் அக்கறை ஆகியவற்றைப் பொறுத்தது.

இந்தத் திருத்தத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆபத்தைக் கூட்டுவது முகாம் வாழ்க்கையின் ஏற்பாடுகள்தாம், துணியின் நிறமோ தோளில் இருக்கும் பட்டையோ அல்ல. அப்படியானால் 'சீருடையாளர்' என்பது மருத்துவ வகையாக நிற்காது. அது ஒரு நிர்வாக வகை. எந்த அமைச்சின் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்கிறது, யாருக்கு எங்கே தொற்று நேரும் என்பதைச் சொல்லவில்லை.

2001 நவம்பரில் பாங்காக்கில் கூடிய யுஎன்எய்ட்ஸ் வல்லுநர் குழு, அமைதிப் படையினருக்குக் கட்டாயப் பரிசோதனை வேண்டுமா என்று ஆராய்ந்து, விருப்பத்தின் பேரிலான, இரகசியம் காக்கும் பரிசோதனையே சிறந்த வழி என்ற பக்கம் நின்றது. முடிவு தெரிந்தால் வேலை போகும் என்றால் மனிதன் மறைப்பான், மறைத்தால் தடுப்பு இல்லை என்ற எளிய நியாயத்தை, ஆயுதம் ஏந்தியவர்களுக்கு உலகம் கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒப்புக்கொண்டது.

தாய்லாந்தில் வென்றது எது?

சீருடையாளர் திட்டங்களின் வெற்றிக்கு எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு தாய்லாந்து. அங்கே 21 வயது ஆண்கள் சீட்டுக் குலுக்கலில் படைக்கு எடுக்கப்படுகிறார்கள். நாடெங்கும் சீட்டு விழுவதால், புதிய வீரர்களின் இரத்தம் நாட்டு இளைஞர்களின் நிலையை ஓரளவு அப்படியே காட்டியது. 1989இல் தொடங்கிய அந்தப் பரிசோதனையில் தேசிய விகிதம் 1993இல் சுமார் 4 விழுக்காட்டைத் தொட்டது. வடக்கு மாநிலங்களின் வீரர்களிடம் அது மூன்று மடங்கு. கென்ராட் நெல்சனும் தாய்லாந்து இராணுவ மருத்துவர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வின்படி, வடக்கில் 1993இல் 12.5 விழுக்காடாக இருந்தது 1995இல் 6.7ஆக விழுந்தது. முந்தைய ஓராண்டில் பாலியல் தொழிலாளரிடம் போனதாகச் சொன்னவர்கள் 1991இல் பாதிக்கும் மேல், 1995இல் கால்பங்குக்கும் குறைவு. போனவர்களில் கடைசி முறை ஆணுறை அணிந்தவர்கள் சுமார் 61 விழுக்காட்டிலிருந்து 92க்கு மேல் போனார்கள்.

இதைப் படித்துவிட்டு "இராணுவம் எச்ஐவியை வென்றது" என்று எழுதுபவர்கள் உண்டு. இராணுவம் அங்கே ஒரு வெப்பமானி. காய்ச்சலைக் குறைத்த மருந்து வேறிடத்தில் கொடுக்கப்பட்டது. 1989இல் ராட்சபுரி மாநிலத்தில் டாக்டர் விவாட் ரோஜனபிதயகோர்ன் தொடங்கி, 1991இல் நாடு முழுதும் பரவிய '100 விழுக்காடு ஆணுறை' திட்டம்தான் அந்த மருந்து. அதன் நுட்பம் எளிமையில் இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் ஆணுறை கட்டாயம் என்றால் வாடிக்கையாளன் அடுத்த கதவைத் தட்டுவான். எல்லா இடத்திலும் கட்டாயம் என்றால் அவனுக்குப் போக இடமில்லை, மறுக்கும் பெண்ணுக்கு வருமான இழப்பும் இல்லை. அரசு மருந்தகத்துக்கு வெட்டை நோயோடு வரும் ஆணிடம் எங்கே போனாய் என்று கேட்டு, அந்த விடுதி உரிமையாளரைப் பொறுப்பாக்கினார்கள். ஐந்து முக்கியப் பாலியல் நோய்கள் ஆண்களிடையே 1989 முதல் 1993 வரை 79 விழுக்காடு குறைந்ததாக 1994இல் வெளியான ஆய்வு காட்டியது.

பெண்களின் மீது காவல்துறையின் கையை இத்திட்டம் பலப்படுத்தியது என்ற விமர்சனம் நியாயமானது, அதைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் 1864இன் சட்டத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. பொறுப்பு முதல்முறையாக உரிமையாளர் மீதும் வாடிக்கையாளன் மீதும் விழுந்தது. வீரனைத் திருத்துவதைவிட, அவன் நடக்கும் சூழலைத் திருத்தினார்கள்.

கிளந்தான் லேனில் நடந்த வேலை

சிங்கப்பூரில் முதல் எச்ஐவி தொற்று 1985இல் பதிவானது. 'எய்ட்ஸுக்கு எதிரான செயற்குழு' என்ற தன்னார்வ அமைப்பு 1988இல் தோன்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பால்வினை நோய்களுக்கு மருந்திட்ட மிடில் ரோடு மருத்துவமனை அதே 1988இல் மூடப்பட்டு, அதன் பணி கிளந்தான் லேனுக்கு வந்தது.

1976 முதலே பாலியல் தொழிலாளர்களுக்கு ஒரு மருத்துவக் கண்காணிப்புத் திட்டம் இங்கே உண்டு. பரிசோதனை அதன் முதுகெலும்பு. 1990களில்தான் பெரிய மாற்றம் நடந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வோங் மீ லியன், டாக்டர் ராய் சான் முதலானோர் மருந்தகத்தோடு சேர்ந்து, வாடிக்கையாளனிடம் ஆணுறையை எப்படிப் பேசி ஏற்க வைப்பது என்று பெண்களுக்குப் பயிற்சி அளித்தார்கள், பாலியல் தொழில் விடுதி நடத்துபவர்களையும் அதற்கு ஆதரவாகச் சேர்த்தார்கள். 2004இல் வெளியான அவர்களின் கட்டுரைப்படி, எப்போதும் ஆணுறை பயன்படுத்துவோர் விகிதம் 1995க்கு முன் 45 விழுக்காட்டுக்கும் குறைவு, 2002இல் சுமார் 95. வெட்டை நோய் அதற்கேற்ப வீழ்ந்தது.

டெஸ்கர் சாலையை நினைத்தால் இதன் பொருள் துலங்கும். அந்தச் சந்துகளுக்கு ஞாயிறுதோறும் போனவர்களில் தொழிலாளர் விடுதியில் தங்கும் ஊழியர் உண்டு, தேசிய சேவை எனப்படும் கட்டாயப் படைப்பணியில் இருந்த இளைஞன் உண்டு, துறைமுகத்தில் இறங்கிய மாலுமி உண்டு. அவர்களில் ஒருவரையும் வகைப்படுத்தாமலேயே அவர்கள் எல்லோரையும் காத்தது அந்தப் பெண்கள் கற்றுக்கொண்ட பேச்சுத் திறன். ஒழுங்குபடுத்தப்பட்ட பாலியல் தொழில் விடுதிகளுக்கு வெளியே, பதிவில்லாமல் தெருவில் தொழில் செய்த பெண்களுக்கு இந்தக் காப்பு எட்டவில்லை. குறைந்த விலைக்கு அங்கே போனவர்கள் யார் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

வாசல் சோதனையும் உள்ளே இருப்பவனும்

இனி மையச் சிக்கலுக்கு வருவோம். கட்டாயப் பரிசோதனை பற்றிய வாதங்களில் இரண்டு வேறு செயல்களை ஒன்றாகக் குழப்புகிறார்கள். ஒன்று, உள்ளே வரும்முன் வாசலில் செய்யும் சோதனை. மற்றது, உள்ளே வந்துவிட்டவனுக்குத் தொற்று நேர்ந்தால் அமைப்பு என்ன செய்கிறது என்பது.

வாசல் சோதனையில் படைகளும் கருணை காட்டியதில்லை. அமெரிக்க இராணுவம் 1985 அக்டோபர் முதல் சேர வருவோரைச் சோதித்துத் தொற்றுள்ளவரை விலக்கியது. ஆனால் சேர்ந்த பிறகு தொற்று கண்டவரை அது பணியில் வைத்து மருத்துவம் பார்த்தது. வெளிநாட்டுப் பணி, பதவி உயர்வு ஆகியவற்றில் பாகுபாடு நீடித்தது உண்மை, ஆயினும் தெருவில் விடவில்லை. நமீபியாவில் 2000இல் தொழிலாளர் நீதிமன்றம், எச்ஐவி ஒன்றை மட்டும் காரணம் காட்டிப் படையில் சேர்க்க மறுக்கக் கூடாது என்றது. தென்னாப்பிரிக்காவில் 2008 மே மாதம் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம், தொற்றுள்ளோரைச் சேர்ப்பதற்கும் வெளிநாட்டுப் பணிக்கு அனுப்புவதற்கும் இருந்த பொதுத் தடையைச் செல்லாது என அறிவித்தது.

தமிழ் வாசகர் அதிகம் அறிந்திராத ஓர் இந்தியத் தீர்ப்பு இந்த வரிசையில் என்னை மிகவும் கவர்ந்தது. 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றம் முன் வந்தவர் படைவீரர் அல்லர். அவர் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் தற்காலிகக் கூலித் தொழிலாளி. நிரந்தரமாக்கும் முன் நடந்த பரிசோதனையில் எச்ஐவி தெரியவந்து பெயர் நீக்கப்பட்டது. வேலை செய்யத் தகுதியும், பிறருக்கு ஆபத்தில்லாத நிலையும் இருக்கும்வரை தொற்று மட்டுமே வேலை மறுக்கக் காரணமாகாது என்றது நீதிமன்றம். இருபது ஆண்டுகள் கழித்து வந்த 2017இன் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் அந்த எண்ணத்தை நாடு முழுமைக்குமான சட்டமாக்கியது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

சிங்கப்பூரில் குடிமகனுக்கு உள்ள நிலை ஓரளவு இதற்கு நெருக்கம். 2020 செப்டம்பர் முதல் எச்ஐவி மருந்துகளுக்கு அரசு மானியம் உண்டு. 2024 மார்ச்சில் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்த தொற்றுநோய்ச் சட்டத் திருத்தம், மருந்தால் கிருமி அளவு கண்டறிய முடியாத நிலையில் நீடிப்பவர் தன் துணையிடம் அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற பழைய கட்டாயத்தைத் தளர்த்தியது. அத்தகையவரிடமிருந்து பாலியல் வழியாகத் தொற்று பரவாது என்ற அறிவியலைச் சட்டமே ஏற்றுக்கொண்டது என்று இதைப் படிக்கலாம்.

வேலை அனுமதி அட்டைக்காரர் விஷயத்தில் மட்டும் வாசலும் உள்ளும் ஒன்றே. வந்திறங்கியதும் நடக்கும் 'மெடிக்கல்' காசநோய், எச்ஐவி, சிஃபிலிஸ், மலேரியா ஆகியவற்றைத் தேடுகிறது. இல்லப் பணிப்பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கர்ப்பமும் சிஃபிலிஸும், ஈராண்டுக்கு ஒருமுறை எச்ஐவியும் சோதிக்கப்படுகின்றன. எச்ஐவி உறுதியானால் பெர்மிட் ரத்து, பிறகு விமான டிக்கெட். பத்து நாள் முன் வந்தவருக்கும் பத்தாண்டு உழைத்து இங்கேயே தொற்றைப் பெற்றவருக்கும் வித்தியாசம் இல்லை.

அரசின் தரப்பைச் சுருக்கமாகவேனும் நேர்மையாக எடைபோட வேண்டும். சிறிய தீவு, நெருக்கமான வாழ்க்கை, வாழ்நாள் மருந்துச் செலவு, குடிமக்களின் வரிப்பணம். இவை வெற்றுச் சாக்குகள் அல்ல. ஆனால் 2015 ஏப்ரல் 1 முதல், தொற்றுள்ள வெளிநாட்டவர் மூன்று மாதம் வரை குறுகிய கால வருகையாளராக வரலாம் என்று தடை தளர்த்தப்பட்டது. தொற்றுடன் வாழும் உள்நாட்டவரே ஆயிரக்கணக்கில் இருக்கையில் கூடுதல் ஆபத்து சிறிது என்பது அன்றைய விளக்கம். ஆகவே தொற்றுள்ள புதுக்கோட்டைக்காரர் ஒருவர் முஸ்தபா சென்டருக்குப் பொருள் வாங்க வரலாம். அடுத்த தெருவில் எழும் கட்டடத்துக்குக் கம்பி கட்ட வர முடியாது. பரவும் ஆபத்து மட்டுமே காரணமானால் இந்தக் கோடு இந்த இடத்தில் விழுந்திருக்காது. மிஞ்சுவது செலவுக் கணக்கு. அந்தச் செலவை முதலாளி, காப்பீடு, ஊழியர், சொந்த நாடு ஆகியோரிடையே எப்படிப் பங்கிடலாம் என்பது பேசித் தீர்க்கக்கூடிய விஷயம்.

பேரரசின் பழைய கணக்கு இங்கே திரும்பி வருகிறது. பயிற்றுவித்த வீரன் விலை உயர்ந்தவன், ஆகவே அவனைத் தக்கவைக்கும் தடுப்புத் திட்டம் கிடைக்கிறது. ஏஜெண்டுக்குப் பணம் கட்டி வரிசையில் நிற்பவர்கள் ஏராளம், ஆகவே விடுதிக்காரனுக்குக் கிடைப்பது வடிகட்டி.

14,200 பெயர்கள்

2019 ஜனவரி 28 அன்று சுகாதார அமைச்சு ஒரு செய்தியை வெளியிட்டது. எச்ஐவி பதிவேட்டிலிருந்து 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்திருந்தன. அவர்களில் 5,400 பேர் 2013 ஜனவரி வரை தொற்று உறுதியான சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும். மீதி 8,800 பேர் 2011 டிசம்பர் வரை உறுதியான வெளிநாட்டவர், வேலை அனுமதிக்கும் வருகை அனுமதிக்கும் விண்ணப்பித்தவர்களும் வைத்திருந்தவர்களும் அவர்களில் அடக்கம்.

கசிவின் கொடுமை பற்றி அன்று நிறைய எழுதப்பட்டது. இந்த இரண்டு எண்களின் விகிதம் பற்றி மிகக் குறைவாகவே பேசினார்கள். ஆண்டுதோறும் அமைச்சு வெளியிடும் எச்ஐவி எண்ணிக்கை, 2008இல் 456, 2018இல் 313, 2022இல் 202 என்று இறங்கிவருவது, சிங்கப்பூர்வாசிகளுக்கு மட்டுமானது. பதிவேட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமாக இருந்தவர்கள் அந்த ஆண்டுக் கணக்கில் தோன்றுவதில்லை. அவர்கள் எந்தத் தொழிலில் இருந்தார்கள், எங்கே தொற்றைப் பெற்றிருக்கக்கூடும், எந்த நிலையில் கண்டறியப்பட்டார்கள் என்பதெல்லாம் தெரிந்திருந்தால்தான் யாரைக் காக்க எங்கே போக வேண்டும் என்று ஒரு தடுப்புத் திட்டம் தீர்மானிக்க முடியும். வெளியேற்றத்துக்காக எடுக்கப்பட்ட எண் தடுப்புக்குப் பயன்படவில்லை.

வெளியேற்றப்பட்டவர் போய் இறங்கும் இடம் திருச்சி விமான நிலையம் அல்லது சென்னை. சென்னையில்தான் 1986இல் இந்தியாவின் முதல் தொற்றுகள் டாக்டர் சுனிதி சாலமனின் குழுவால் கண்டறியப்பட்டன. 2004 ஏப்ரலில் அரசின் இலவசக் கூட்டுமருந்துத் திட்டம் தொடங்கிய முதல் மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அதற்கு முன் திரும்பியவருக்கு மருந்து என்பதே எட்டாக் கனி. இன்று மாவட்டந்தோறும் மருந்து கிடைக்கிறது. ஆனால் திரும்பும் மனிதரின் கையில் பரிந்துரைக் கடிதம் கொடுத்து, இங்கிருந்து அங்கே ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரிடம் ஒப்படைப்பது போன்ற ஏற்பாடு வழக்கமாகவில்லை. நின்றுபோன சம்பளம், அடைக்காத கடன், வீட்டில் சொல்ல முடியாத காரணம் மூன்றையும் சுமந்து ஊருக்குப் போகிறவர், மனைவியைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் துணிவை எங்கிருந்து பெறுவார்? கட்டாயச் சோதனை இந்தத் தீவைக் காத்ததாகவே வைத்துக்கொண்டாலும், அறந்தாங்கியிலோ மன்னார்குடியிலோ இருக்கும் அந்தப் பெண்ணைக் காக்கவில்லை.

விடுதிக்குப் போகும் வழி உண்டா?

விடுதிகளில் சுகாதாரப் பணி இயலாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. 2020இல் கொரோனா அதைப் பொய்யாக்கிவிட்டது. விடுதிகளில் வாழ்ந்த சுமார் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்கு அந்த ஆண்டு முடிவதற்குள் தொற்று வந்துபோயிருந்ததாக டிசம்பரில் அறிவித்தார்கள். முகாம் வாழ்க்கை நோயை எப்படிப் பெருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த இராணுவப் பாசறையும் காட்டியதில்லை. அதன்பின் தமிழிலும் வங்காளத்திலும் அறிவிப்புகள் போயின, மருத்துவக் குழுக்கள் விடுதிக்குள்ளேயே வந்தன, மனிதவள அமைச்சில் ஊழியர் பராமரிப்புக்கெனத் தனிப் பிரிவு உருவானது, 2022 ஏப்ரலில் விடுதிவாசிகளுக்கான அடிப்படை மருத்துவத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆக, பாதை போடப்பட்டுவிட்டது.

அந்தப் பாதையில் எச்ஐவி தடுப்பு போக வேண்டுமானால் படைகளிடம் கற்க வேண்டியது ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது. உள்ளே வந்த பிறகு தொற்று கண்டவர் மருந்தெடுத்துக்கொண்டு ஒப்பந்தம் முடியும்வரையாவது வேலையில் நீடிக்கலாம் என்ற உறுதி வேண்டும். அது இல்லாதவரை எந்தத் தமிழ்ச் சுவரொட்டியும், எந்த ஆணுறை விநியோகமும் பாதிப் பயனே தரும். ஆபத்தான உறவு ஒன்று நேர்ந்துவிட்டதாக அஞ்சுபவர் கூட்டாளியிடம் யோசனை கேட்டால், "டெஸ்ட் எதுக்குடா எடுக்கிற, பெர்மிட் கேன்சல் ஆயிரும்" என்பதுதான் கிடைக்கும் பதில். அவருடைய நிலையில் அது பிழையான அறிவுரையும் அல்ல.

இடைக்காலத்துக்குச் செய்யக்கூடியவை சிறியவை. கஃப் சாலை, ரோவல் சாலைப் பகுதியில் காயம்பட்ட ஊழியர்களுக்கு இலவச உணவு தரும் தன்னார்வப் பணி 2008இலிருந்து நடக்கிறது. அந்த வரிசையில் நிற்பவர் தன் ஊதியப் பிரச்சினையைத் தமிழில் சொல்ல முடிகிறது. உடல் பற்றிய கேள்வியையும் அங்கேயே தமிழில் கேட்க இடம் இருக்கலாம். பெயர் சொல்லாமல், அடையாள அட்டை காட்டாமல் எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளும் வசதியை எய்ட்ஸுக்கு எதிரான செயற்குழு 1991 முதல் நடத்திவருகிறது. முடிவு சோதித்துக்கொண்டவருக்கு மட்டுமே தெரியும், பெர்மிட் அலுவலகத்துக்குப் போகாது. அது நடந்தது கிளந்தான் லேனில்தான், தேக்காச் சந்தையிலிருந்து அதே கால்மணி நேர நடையில். பல ஆண்டுகளாக அதற்கு ஒதுக்கப்பட்டிருந்த நேரம் செவ்வாய், புதன் மாலைகளும் சனிக்கிழமைப் பிற்பகலும். அந்த மூன்று நாளும் விடுதிக்காரர் வேலைத் தளத்தில் நிறுவனத்தின் உடையில் இருப்பார். அவர் சொந்தச் சட்டையில் தேக்காவுக்கு வரும் நாள் ஞாயிற்றுக்கிழமை.